கிளுவை வேலியைப் பிடுங்காதே

சாந்தன்பாறை,
ஆடி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மாமாவுக்கு மழை பிடித்ததிலிருந்து முட்டிவலி.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த மழையில் டவர் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. டவர் கிடைத்தாலும் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

முதலமடை மாந்தோப்பின் கிழக்கு ஓரத்துக் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை போடப்போகிறாய். பழைய வீட்டு மண்சுவருக்குச் சிமென்ட் பூசி, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கப்போகிறாய். போன வருஷம் பூத்த பூவுக்குக் காய்ப்பிடிப்பு இல்லை என்று இந்த வருஷம் பூக்கிற சமயத்தில் இத்தாலியத் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கப்போகிறாய். கடைசியாக, உன் பாப்பாவுக்குப் பட்டாம்பூச்சி வருகிற மாதிரி ஒரு தோட்டம் வேண்டும், அதற்கு நான் செடி சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருக்கிற பூச்சியைக் காசு செலவழித்துத் துரத்திவிட்டு, இல்லாத பூச்சிக்கு வாடகை கொடுக்கப் பார்க்கிறாய். கோபப்படாதே. கடைசிவரை படி.

முதலில் எங்கள் ஏலத்தைச் சொல்கிறேன். நீ இங்கே வந்தபோதெல்லாம் ஏலக்காட்டைச் சுற்றியிருக்கிறாய், ஆனால் ஏலப்பூவைக் குந்தி உட்கார்ந்து பார்த்ததில்லை. பூ தட்டையின் உச்சியில் வராது. அடியிலிருந்து கிளம்பும் சரத்தில்தான் வரும், நிமிர்ந்து நடக்கிறவர்கள் கண்ணில் படாது. விடியும் முன்னாலேயே விரிய ஆரம்பித்துவிடும். வெளுத்த உதடு ஒன்று முன்னே நீண்டிருக்கும், அதன்மேல் ஊதாக் கோடுகள் உள்பக்கம் பார்த்து ஓடும். தேன் இருக்கும் இடத்துக்கு அதுதான் வழி. தேனீ அந்த உதட்டில் இறங்கித் தலையை உள்ளே முட்டும்போது மகரந்தம் அதன்மேல் அப்பிக்கொள்ளும். சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதால் தானாக எதுவும் அதில் விழாது. யாராவது வந்து உரசிவிட்டுப் போனால்தான் காய். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. அன்றைக்கு யாரும் வரவில்லை என்றால் மறுநாள் உதிர்ந்து கிடக்கும். ஆடி மழை விடாமல் அடிக்கிற வாரத்தில் சரத்தடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால் மாமா ஒன்றும் பேசமாட்டார். போடி மார்க்கெட்டில் எண்ணியிருக்க வேண்டிய காசு அது. நடுவே ஒரு மணி நேரம் வெயில் எட்டிப்பார்த்துவிட்டால் போதும், எங்கிருந்துதான் வருமோ, காடு முழுக்க ரீங்காரம் கிளம்பிவிடும். தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் வேலைக்கு வரும் அக்காமார்கள் அந்த நேரத்தில் சரத்தை விலக்கக்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இந்த ஏலம் வேறெங்கிருந்தும் வந்ததில்லை, மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுச்செடிதான். காட்டில் தானாக வளரும் ஏலத்துக்கும் தோட்டத்து ஏலத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கிபி குரியாகோஸ், ஆலேஷ் சினு, சிவண்ணா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்து 2009ல் எழுதினார்கள். காட்டு ஏலத்துக்கு வேலை செய்வது தனித்தனியாக வாழும் தேனீக்கள். இலையை வட்டமாக வெட்டிக்கொண்டு போய்க் கூடு கட்டும் இலைவெட்டித் தேனீ ஒன்று, வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ இன்னொன்று. தோட்டத்து ஏலத்துக்கோ கூட்டமாக வாழும் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ. காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற பூவுக்குத் தனியாள் போதும். ஏக்கர் கணக்கில் பூத்துக் கிடந்தால் படையே வர வேண்டும். பயிர் மாறினால் அதற்கு ஊழியம் செய்கிற ஆளும் மாறிவிடுகிறது என்பதை இத்தனை தெளிவாக நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

படையை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 1991, 92ல் தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் தென்னாட்டில் இறங்கியது. புழுக்கள் பை மாதிரி நீர் கோத்து வீங்கிச் செத்தன. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் அடுக்குத்தேனீப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதி காலியாகிவிட்டது. ஒரே இனத்தை நம்பியிருந்தவர்கள் அப்போது கையைப் பிசைந்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் கைகொடுப்பது யாரும் வளர்க்காத, யாரும் பெயர்கூடச் சொல்லாத பூச்சிகள்தான்.

இப்போது உன் தோப்புக்கு வருகிறேன். முதலமடையில் மா பூப்பது கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும். இந்தியாவில் முதல் மாங்காய் உங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது என்று பெருமைப்படுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் அந்தப் பூவைத் தேடி வர வேண்டிய பூச்சி மீதி ஒன்பது மாதமும் எதைத் தின்று உயிரோடு இருக்கும்? மார்கழி விருந்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஆடியிலும் ஆவணியிலும் அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. நான் சொல்ல வருவது மொத்தமும் இவ்வளவுதான். பயிர் சோறு போடுவது சில வாரம். மற்ற நாளெல்லாம் சோறு போடுவது வேலியும் வரப்பும் மூலையில் நிற்கும் மரமும்.

மாம்பூவுக்கு யார் வருகிறார்கள் என்று இந்த வருஷமாவது காலையில் பொறுமையாக நின்று பார். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் பூ இருக்கும், பெரும்பாலும் ஆண்பூ. அதில் ஒன்றிரண்டு காய் நின்றாலே பெரிய விஷயம். பெட்டித் தேனீக்கு மாம்பூ என்றால் அத்தனை பிரியம் கிடையாது. பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் அங்கே போய்விடும். மாம்பூவை மொய்ப்பது ஈக்களும் கொசுத்தேனீயும்தான். நீலப்பச்சையாக மினுங்குகிற ஈ, அந்தரத்தில் அசையாமல் நிற்கிற மிதவை ஈ. ஈ என்றதும் நமக்கு முகம் சுளிக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கே மாந்தோப்புக்காரர்கள் பூக்கும் சமயத்தில் செத்த பிராணியைக் கொண்டுவந்து தோப்புக்குள் வைத்து ஈயை வரவழைப்பதுண்டு. நீ அந்த அளவுக்குப் போக வேண்டாம், வீட்டில் சண்டை வந்துவிடும். தோப்பு மூலையில் இருக்கிற எருக்குழியை மூடாமல் இருந்தாலே போதும்.

மிதவை ஈயின் புழு அசுவினியைத் தின்னும் என்பது கூடுதல் லாபம்.

மருந்து விஷயம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தத்துப்பூச்சிக்கு அடிக்காமல் முடியாது என்பாய், ஒத்துக்கொள்கிறேன். இங்கேயும் பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் அடித்து அடித்து ஏலக்காடே மருந்தில்தான் குளிக்கிறது. எங்கள் தோட்டத்தில் காலையில் தெளிப்பானைத் தோளில் மாட்ட மாமா விடமாட்டார், தேனீ அடங்கிய பிறகு மத்தியானத்துக்கு மேல்தான். நீயும் பூங்கொத்து தலைநீட்டும்போதே பார்த்து அடித்துவிடு, பூ மலர்ந்த பிறகு தொடாதே. இமிடாகுளோபிரிட் பூவில் விழுந்தால் தத்துப்பூச்சியோடு காய் பிடிக்க வைக்கிறவனும் போய்விடுவான். அதையும் அதன் கூடப்பிறந்த இரண்டு மருந்துகளையும் திறந்த வயலில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் நிறுத்திவிட்டது, தேனீக்காகத்தான். 2011ல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானை நிறுத்தியபோது, அது இல்லாமல் மாங்காயே காய்க்காது என்று உங்கள் ஊரில் பேசாத ஆளில்லை. இப்போது காய்க்காமலா போய்விட்டது?

இனி வேலி. அது அப்பாரு காலத்து வேலி என்பதற்காகச் சொல்லவில்லை. பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நானில்லை. அந்த வேலியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தரம் நடந்து பார். கிளுவை, இடையே சங்கஞ்செடி, அவற்றின் மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் வேலிப்பருத்தியும், காலடியில் தும்பை, வெளிப்பக்கம் ஆவாரையும் எருக்கும், ஓடை இறங்குகிற இடத்தில் நொச்சி. இத்தனையும் ஒரே மாதத்தில் பூக்காது, ஒன்று ஓயும்போது இன்னொன்று ஆரம்பிக்கும். பிரண்டைப் பூவைப் பார்த்திருக்கிறாயா? கடுகு அளவுதான். நாம் பூ என்றே சொல்லமாட்டோம், ஆனால் குளவியும் ஈயும் அதை விட்டு நகராது. கோவைப்பழம் கிளிக்கும் குயிலுக்கும். கொசுத்தேனீ கூட்டை விட்டுப் பெரும்பாலும் அரைக் கிலோமீட்டர் தாண்டி மேயப் போகாது. அந்த வட்டத்துக்குள் தீனி இருந்தால் உண்டு, இல்லையென்றால் கூடு காலி.

ஆவாரம் பூவில் ஒரு கூத்து உண்டு, அதைப் பாப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டு. அதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் நீளமான பைக்குள் பூட்டி வைத்த மாதிரி இருக்கும், நுனியில் சின்னத் துளை. கருவண்டோ நீலப்பட்டைத் தேனீயோ வந்து பையைக் கட்டிப்பிடித்து உடம்பை உதறும். பறக்கும்போது கேட்கிற சத்தம் சட்டென்று மாறி இன்னும் கீச்சென்று ஒலிக்கும், துளை வழியாகத் தூள் கொட்டும். நீ வாடகைக்கு எடுக்கிற இத்தாலித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, நம் அடுக்குத்தேனீக்கும் தெரியாது. கத்தரியும் தக்காளியும் இதே ஜாதிப் பூட்டுத்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் வரப்பில் நிற்கிற ஆவாரையை வெட்டி எறிந்துவிட்டு, கத்தரி ஏன் வளைந்து போகிறது என்று கேட்பார்கள்.

காட்டுப்பன்றி வருகிறது, அதற்குத்தான் கம்பிவலை என்கிறாய். போட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலிக்கு உள்பக்கம் மூன்றடி தள்ளிப் போடு. கிளுவையில் சந்து விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் போத்து ஊன்றினால் தானாக அடைத்துக்கொள்ளும், காசில்லாத வேலை. சீமைக்கொன்னைப் போத்து யாராவது கொடுத்தால் வாங்காதே, எருவுக்கு ஆகும், அவ்வளவுதான், அது வந்த ஊர் மெக்சிகோ. மூலையில் நிற்கிற இரண்டு பனையையும் செங்கல் சூளைக்காரன் கேட்டால் கொடுத்துவிடாதே. காய்ந்து தொங்குகிற ஓலையின் அடியில் பனை உழவாரன் தன் எச்சிலை வைத்தே கூட்டை ஒட்டி, முட்டையையும் அதே எச்சிலால் ஒட்டி வைத்திருக்கும். நாளெல்லாம் பறந்து அது பிடிப்பது முழுக்கப் பூச்சிதான்.

களைக்கொல்லி பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிளைபோசேட் விற்கக் கூடாது என்று கேரள அரசு 2019ல் உத்தரவு போட்டது. எல்லை தாண்டிப் போய் வாங்கி வருவதற்கு நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். வரிசைக்கு நடுவே புல்வெட்டும் மெஷின் விட்டால் போதும், தும்பை பூத்திருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு.

இனி மண்சுவர். பின்கட்டுச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, பழுப்பு மெழுகில் ஊதுகுழல் மாதிரி விரல் நீளத்துக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வாயில் ஏழெட்டுக் கொசுத்தேனீ வெளியே பார்த்தபடி காவல் நிற்கும். கொட்டாது, அந்தக் கொடுக்கே அதற்கு இல்லை. கிட்டப் போனால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். நீ சிமென்ட் பூசினால் அது உயிரோடு சமாதி. மாம்பூவுக்கு வேலை செய்கிற ஆள் உன் வீட்டுச் சுவரிலேயே வாடகை இல்லாமல் இருக்கிறான், நீ வெளியே பெட்டி தேடுகிறாய். பூசித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு முழச் சுவரை விட்டுவிடு. கூட்டைப் பெயர்த்துச் சட்டிக்கோ மூங்கிலுக்கோ மாற்றத் தெரிந்தவர்கள் பாலக்காட்டுப் பக்கம் நிறைய இருக்கிறார்கள், அந்தத் தேன் மருந்துக்குத் தனி விலை போகிறது. இன்டர்லாக்கும் அப்படித்தான். நீலப்பட்டைத் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும்தான் துளை போட்டுக் குஞ்சு வைக்கும். வண்டி நிறுத்துகிற இடத்துக்குக் கல் போடு, வீட்டைச் சுற்றி ஒரு பட்டை வெறும் மண்ணாகக் கிடக்கட்டும். கூட்டிப் பெருக்கிக்கொண்டால் அழகாகத்தான் இருக்கும்.

இத்தாலிப் பெட்டி வைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. 1960களில் பஞ்சாப் பக்கம் கொண்டுவந்த இனம் அது, நிறையப் பேருக்குப் பிழைப்பும் கொடுத்திருக்கிறது. ஆனால் பூ இல்லாத மாதத்தில் அதற்குச் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும், பூ முடிந்ததும் ரப்பர் தோட்டத்துக்கு லாரி ஏற்ற வேண்டும். கேரளத்தில் கிடைக்கிற தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதே இல்லை, ரப்பர் கொழுந்து விடும்போது இலைக்காம்பில் ஊறுகிற நீரிலிருந்துதான் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? எனக்கு இங்கே வந்துதான் தெரியும். அந்த வாடகைப் பணத்தில் ஓடையோரம் புங்கை, நாவல், இலுப்பை, இலவம் என்று நட்டு வை. இலவம் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூக்கும் மாதத்தில் மைனாவும் தேன்சிட்டும் தேனீயும் அங்கேயேதான் குடியிருக்கும். நாற்றுக்குப் பீச்சியில் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டுப் பார்.

நர்சரியில் கொன்றை என்று கேட்டால் இலையை ஒரு தரம் பார்த்து வாங்கு. வயநாட்டிலும் நீலகிரியிலும் காட்டையே மூடிக்கொண்டிருக்கிற மஞ்சள் கொன்னையைச் சில இடத்தில் அதே பெயரில் தலையில் கட்டிவிடுவார்கள், இங்கே ஒரு நர்சரியில் எனக்கே கொடுக்கப் பார்த்தார்கள். நம் விஷுக் கொன்றைக்குச் சிற்றிலை உள்ளங்கை அளவு பெரிதாக இருக்கும், பூ சரமாகக் கீழே தொங்கும். அதன் கொழுந்தைத் தின்று ஒரு வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி வளரும். சிவப்பாகக் கிண்ணம் மாதிரி பூக்கிற மலேரியா மரத்தை ஆசைப்பட்டும் வாங்காதே. வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட காலத்து ஆப்பிரிக்க மரம், மூணாறு ரோட்டில் பார்த்திருப்பாய். அதன் பூவுக்குள் கொசுத்தேனீ செத்துக் கிடக்கும்.

பாப்பாவின் தோட்டத்துக்கு வருகிறேன். கடையில் விற்கிற பூச்செடி பட்டாம்பூச்சிக்குக் குடிக்கக் கொடுக்கும், அதில் தப்பில்லை. மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அந்நியச் செடியே கூடாது என்றால் நமக்குக் குழம்பு கிடையாது. ஆனால் முட்டை வைக்க இடம் இல்லையென்றால் பட்டாம்பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும், ஊரில் தங்காது. உண்ணிச்செடியில் எத்தனை பட்டாம்பூச்சி பறந்தாலும் அதன் இலையை அவற்றின் புழு தொடுவதில்லை. புழு தின்கிற செடி வேறு. கறிவேப்பிலை வை, கிணற்றடி எருக்கை வெட்டாதே, செம்பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட வெந்தய வரியன் அதில்தான் முட்டை வைக்கும். கிலுகிலுப்பைச் செடி நாலு வை. ஐப்பசி வாக்கில் நீலப் புலி வரியன் கூட்டம் கூட்டமாக மலைப்பக்கம் திரும்பி வரும்போது, கிலுகிலுப்பையின் வாடிய தண்டைச் சுற்றி ஆண்பூச்சிகள் அப்பிக்கொள்ளும். அந்தச் சாற்றை உறிஞ்சித்தான் பெண்ணை மயக்குகிற வாசனை தயாரிக்கும் என்று பாப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், காலேஜ் போகும்போது தெரிந்துகொள்ளட்டும். தென்மலை அடிவாரம் பக்கமாக இருப்பதால் ஈஸ்வரமூலிக்கொடி ஒன்று படரவிட்டால் மலையாளத்தில் கருடசலபம் என்கிறார்களே, கறுப்பும் பொன்னுமாகக் கைமுழுக்க இருக்குமே, அது வரலாம். முள்ளிலம் மரம் கிடைத்தால் புத்தமயூரி வரலாம், 2018ல் கேரளம் தன் பட்டாம்பூச்சியாக அறிவித்தது அதைத்தான். மறுவருஷம் தமிழ்நாடு தமிழ் மறவனை அறிவித்தது, அதன் புழுவுக்கு மரோட்டி இலை. இரண்டுக்கும் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் சீட்டுக் கேட்கமாட்டார்கள்.

இலையில் ஓட்டை விழுந்தால் பாப்பா அழக் கூடாது, நீயும் மருந்தெடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

அவள் கேட்ட நீலக்குறிஞ்சி அங்கே வராது என்று சொல்லிவிடு. அது எங்கள் உயரத்துக்காரி, பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஒரே தரம் பூத்துச் செத்துவிடும். 2022ல் இங்கே கள்ளிப்பாறையில் பூத்தபோது மலையேறி வந்த கூட்டம் போன பிறகு பிளாஸ்டிக் பொறுக்கவே நாள் பிடித்தது. பூவைப் பிடுங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. இப்போது அது காட்டுயிர்ச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது, பிடுங்கினால் வழக்கு. இரவிகுளத்தில் 2018ல் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது அவளை நானே கூட்டிப்போகிறேன்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. எல்லா ஜீவனுக்கும் நடுகிறேன் என்று வீட்டை ஒட்டிப் பலாவும் வாழையும் அடுக்கிவிடாதே. தென்மலையிலிருந்து யானை இறங்குகிற ஊர் உன் ஊர். 2023ல் சின்னக்கானலில் அரிக்கொம்பன் யானையைப் பிடித்துக்கொண்டுபோய் விட்ட கதை உனக்குத் தெரியும், அது கம்பத்துக்குள்ளேயே நடந்து வந்தது. தேனீக்கு நடுகிற மாதிரி யானைக்கு நட முடியாது.

வேலி பிடுங்க ஆள் சொல்லியிருந்தால் இன்றைக்கே நிறுத்து, கொடுத்த அட்வான்ஸை எருக்குழியைச் சுற்றிச் செப்பனிடுகிற கூலியில் கழித்துக்கொள். ஐப்பசியில் மாமாவும் நானும் வருகிறோம். ஈஸ்வரமூலி நாற்றுக்கு இங்கே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், கிணற்றடியில் பந்தலுக்கு நாலு கால் நட்டு வை. கிலுகிலுப்பை விதையைக் காய் வெடிக்கும் முன் நீயே பொறுக்கி வை, பொள்ளாச்சி ரோட்டோரத்திலேயே கிடைக்கும். மாமா கருப்பட்டி கேட்கச் சொன்னார், சிற்றூர்ப் பக்கத்தில் கலப்படமில்லாதது கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கி வை.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா